தொடுவாய் மூடிய பின் களப்பின் நீர் எவ்வளவு பழசாகிறது? (நந்திக்கடல் பற்றிய ஒரு கேள்வி)

களப்பங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடல் என்ற களப்பின் (கடலோரக் காயலின்) மேற்குக் கரையில், கேப்பாபுலவுப் பக்கத்தில் வசிக்கிறேன். தகப்பனார் வீச்சுவலையோடும், கம்பு நட்டு வலை கட்டும் களங்கண்ணியோடும் இந்தக் களப்பிலேயே சீவித்தவர். நான் ஆசிரியத் தொழிலுக்குப் போய்விட்டேன். நந்திக்கடல் என்ற பெயரைக் கேட்டதும் மனம் 2009ஆம் ஆண்டுக்குப் போவது இயல்பு, எங்களுக்கும் அப்படித்தான். எனினும் இங்கே தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்க விரும்புகிறேன்.

இவ்வருடம், களப்பு கடலோடு சேரும் வாயான வட்டுவாகல் தொடுவாய் சித்திரையிலிருந்தே மணல் மூடிக் கிடக்கிறது. ஆவணி கடைசிக் கிழமையில் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று இரண்டு நாள் முற்றாக ஓய்ந்திருந்தபோது, விடியற்காலை நான்கு மணிக்குத் தகப்பனாருடன் கரைக்குப் போனேன். ரோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால், திரளிக் குஞ்சுகள் நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. களங்கண்ணிக் கம்புகளில் நண்டுகள் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரம் ஏறி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பற்றிக்கொண்டிருந்தன. தகப்பனார் ஒன்றைக் கம்பால் தட்டிவிட்டார். அது நீரில் விழுந்து, மறுபடியும் அதே கம்பைத் தேடி வந்து ஏறியது. கணுக்கால்வரை புதையும் கறுத்தச் சேற்றிலிருந்து அழுகிய முட்டை மணம் வந்தது. வெயில் ஏறியதும் உயிரோடு மிஞ்சியவை கீழே போய்விட்டன, செத்தவற்றைக் காகங்களும் நாரைகளும் தின்றன. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த உறவினர்கள் களப்பைப் பார்த்து அழகு என்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் ஆவணியில் வந்திருக்க வேண்டும்.

கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. களப்பைப் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இறக்கி ஆழப்படுத்த வேண்டும் என்பது ஒன்று. தொடுவாயை அகலமாக வெட்டி வருடம் முழுவதும் திறந்து வைக்க வேண்டும் என்பது மற்றது. இரண்டுக்கும் கைதட்டல் கிடைத்தது. எனக்கு மட்டும் இரண்டிலும் சந்தேகம் இருக்கிறது, ஆனால் காரணத்தைச் சொல்லத் தெரியவில்லை. விபரம் அறிந்தவர்கள் விளக்கினால் அடுத்த கூட்டத்தில் பேச உதவியாக இருக்கும்.

நீரோட்டம் எழுதியது:

தம்பி, உங்கள் சந்தேகம் சரியானது. நான் நீர்ப்பாசன வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், மீன்வளத்தில் நிபுணன் அல்லன். ஆகவே நீர் நடமாடும் விதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கண்ட நண்டுகள். வெப்பம் கூடக்கூட, உவர் கூடக்கூட, நீரில் கரைந்து நிற்கக்கூடிய ஒட்சிசனின் அளவு குறையும். 30 பாகை செல்சியசில் நன்னீர் லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனை வைத்திருக்கும். கடல்நீர் ஏறத்தாழ 6.2 மில்லிகிராம் வைத்திருக்கும். கடலைவிட உவர்ப்பாகிவிட்ட களப்பு நீருக்கு அதுவும் இல்லை. பகலில் சாதாளை என்ற நீர்த்தாவரமும் பாசியும் ஒட்சிசனை வெளிவிடும், இரவில் அவையும் மீனும் சேற்றிலுள்ள பற்றீரியாக்களும் சேர்ந்து அதை உண்ணும். எனவே விடிவதற்கு முந்திய மணிகளில்தான் கையிருப்பு ஆகக் குறைவாக இருக்கும். காற்று வீசினால் மேற்பரப்பு கலங்கி வளியிலிருந்து ஒட்சிசன் நீருக்குள் இறங்கும். காற்று ஓய்ந்த இரவில் அந்த வரவும் நின்றுவிடும். லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்கமாட்டா. நண்டால் வளியிலும் சற்று நேரம் மூச்சுவிட முடிவதால் அது கம்பேறித் தப்புகிறது. ஒட்சிசன் முற்றாகத் தீர்ந்த சேற்றில் பற்றீரியாக்கள் கடல்நீரின் சல்பேற்றைப் பயன்படுத்தத் தொடங்குகின்றன, அதிலிருந்து வருவதுதான் ஐதரசன் சல்பைட்டின் அந்த முட்டை மணம். சேற்றின் கறுப்பும் அதே வேலையின் விளைவுதான்.

இனி உங்கள் தலைப்புக்கு வருகிறேன். களப்பின் சுகத்தைப் பார்ப்பதற்கு ஆழத்தைக் கேட்பதைவிட நீரின் வயதைக் கேட்பது நல்லது. ஒரு துளி நீர் களப்புக்குள் வந்து எத்தனை நாளில் வெளியேறுகிறது என்பதே அதன் வயது. பியோன் ஷெர்வே என்ற கடலியலாளர் 1986இல் உலகக் களப்புகளை மூன்றாக வகுத்தார். தமிழில் சொன்னால் கழுத்து நெரிபட்டவை, கட்டுண்டவை, ஒழுகுபவை. ஒற்றை ஒடுங்கிய வாயைக் கொண்ட நம்முடைய கிழக்குக்கரைக் களப்புகள் முதல் வகையைச் சேர்ந்தவை. நம் கடலில் பெருக்கு–வற்று வித்தியாசம் பறுவத்திலும் (முழுநிலவிலும்) அமாவாசையிலுங்கூட அரை மீற்றர் அளவில்தான் நிற்கிறது. அதுவும் ஒடுங்கிய வாயால் உள்ளே வரும்போது மிகவும் தேய்ந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்கான கணக்கே தவிர நந்திக்கடலின் அளவீடு அன்று. சராசரி ஆழம் 1 மீற்றர் என்று வையுங்கள். பெருக்கில் உள்ளே 5 சென்ரிமீற்றர் ஏறினால், ஒவ்வொரு பெருக்கிலும் நூற்றுக்கு 5 பங்கு நீர் வருகிறது. ஆனால் அதில் ஏறத்தாழப் பாதி, சற்றுமுன் வெளியே போன அதே நீர் திரும்பி வருவதாக இருக்கும். மிச்சம் நூற்றுக்கு இரண்டரைப் பங்கே புதிய நீர். அப்படியானால் களப்பின் பெரும்பகுதி மாறுவதற்கு ஏறத்தாழ 40 பெருக்குகள், அதாவது மூன்று கிழமை வேண்டும். உள்ளே 1 சென்ரிமீற்றர்தான் ஏறுகிறது என்றால் அதே வேலைக்கு 100 நாளுக்கு மேல் செல்லும். தொடுவாய் முழுதாக மூடினால் வயதுக்கு எல்லையே இல்லை. அடுத்த மாரிவரை அதே நீர்தான்.

அப்படி மூடிக் கிடக்கும் காலத்தில் நீர் சும்மா நிற்பதில்லை. கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று குறைத்தே வைத்தாலும் 100 நாளில் அரை மீற்றர் போய்விடும். லீற்றருக்கு 30 கிராம் உப்போடு தொடங்கிய 1 மீற்றர் நீர், அரை மீற்றராக வற்றும்போது 60 கிராம் உப்போடு நிற்கும். கடலில் இருப்பது ஏறத்தாழ 35 கிராம்தான். ஆனையிறவில் உப்பு விளைந்ததும் இதே கணக்கால்தான், அங்கே அது தொழில். இங்கே அது மீனின் உயிர்.

இதனால் தொடுவாயை எப்படியாவது திறந்தால் போதும் என்று நினைக்கத் தோன்றும். கோடையில் அது பாதி உண்மை மட்டுமே. ஆற்றுவரத்து நின்ற களப்பில் ஆவியாகி இறங்கிய மட்டத்தை நிரப்பக் கடல்நீர் உள்ளே வந்துகொண்டிருக்கும். நீர் ஆவியாகப் போகும், அது கொண்டுவந்த உப்பு போகாது. வாய்க்கு அருகில் உள்ளவர்கள் நல்ல நீரைக் காண்பார்கள். உள்மூலையில் இருக்கும் உங்கள் பக்கத்தில் உவர் மேலும் ஏறலாம். ஆகவே திறந்திருக்கிறதா என்பதோடு, உள்ளே வந்த நீர் எந்த வழியாகச் சுற்றி எங்கே வெளியேறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்தச் சுற்றைப் பெரும்பாலும் நடத்துவது காற்று. சோழகம் நீரைத் தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்குத் தள்ளி ஒரு பக்கம் குவிக்கும். 1 மீற்றர் ஆழத்தில், ஓரளவு பலமான காற்றுக்கு, 5 கிலோமீற்றர் தூரத்தில் மட்ட வித்தியாசம் 5 சென்ரிமீற்றர் அளவில் வரும். சிறு எண்ணாகத் தோன்றினாலும், ஆயிரத்துக்கு ஒன்று சரிவுள்ள தட்டையான கரையில் அது 50 மீற்றர் சேற்றை வெளியே காட்டும். காற்று விழும்போது குவிந்த நீர் திரும்பி ஓடும். தகப்பனாரிடம் கேட்டால் இந்தப் போக்குவரவை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

பெக்கோ யோசனையை நான் ஆதரிக்கமாட்டேன். களப்பின் நடுவே குழி தோண்டினால், கனத்த உவர்நீர் அதற்குள் இறங்கித் தங்கும். மேல்நீர் கலங்கினாலும் குழிநீர் கலங்காது. ஒட்சிசன் அற்று, சல்பைட்டு நிறைந்து, ஒரு பலத்த காற்றுக்கு அது மேலே புரண்டால் நீங்கள் கண்டதைவிடப் பெரிய மீன்சாவு வரும்.

வாயை அகலமாக வெட்டுவதிலும் ஒரு பொறி உண்டு. கரையோர ஓட்டம் கொண்டுவரும் மணலை வாய் தானாகவே தள்ளிவிட வேண்டுமானால், பெருக்கு–வற்றின் உச்சத்தில் நீர் செக்கனுக்கு ஏறத்தாழ 1 மீற்றர் வேகத்தில் ஓட வேண்டும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பழைய அளவு. உள்ளே போய் வரும் நீர் அதே அளவாக இருக்க, வாயை மட்டும் அகலமாக்கினால் வேகம் விழும், மணல் படியும், வாய் முன்னரிலும் விரைவாக மூடும். கல்லணை போட்டு மணலைத் தடுக்கலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் ஒரு பக்கக் கரை வளரும், மறுபக்கக் கரையைக் கடல் தின்னும், அந்தப் பக்கத்திலும் ஊர் இருக்கிறது.

ஆவேசமாகத் தீர்மானம் போடுவதற்கு முன், இரண்டு கம்புகளில் அளவுக்கோடு இட்டு, ஒன்றை வாய்க்கு வெளியே ஒதுக்கமான இடத்திலும் மற்றதை உங்கள் கரையிலும் நடுங்கள். தொடுவாய் திறந்தபின் ஓர் அமாவாசையில் 25 மணித்தியாலம் மணிக்கொரு தடவை குறித்து வாருங்கள். வெளியே எவ்வளவு ஏறியது, உள்ளே எவ்வளவு ஏறியது, எத்தனை மணி பிந்தி ஏறியது என்ற மூன்றும் கிடைத்தால், கழுத்து எங்கே நெரிகிறது என்று பேசலாம். வாயிலா, அல்லது வட்டுவாகல் பாலத்தடியிலா என்பதும் தெரியவரும். பழைய பாலத்தின் நீர் போகும் கண்களில் எத்தனை மண்ணாலும் குப்பையாலும் அடைபட்டிருக்கின்றன என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். 2025இல் புதிய பாலத்துக்கான வேலை தொடங்கிவைக்கப்பட்டபடியால், பழையதை என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்பதற்கு இது பொருத்தமான காலம். புதிய பாலம் உயரமாக வந்து, பழைய கட்டு நீருக்குள் அப்படியே கிடந்தால் வாகனங்களுக்கு மட்டுந்தான் வழி பிறக்கும்.

வயற்காரன் எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்தேன், நல்ல விளக்கம். ஆனால் அது முழுவதும் கோடைக் கதை. முள்ளியவளைப் பக்கத்தில் காலபோகம் (மாரிகால நெற்செய்கை) செய்யும் எங்களுக்குக் களப்பு கார்த்திகையிலும் மார்கழியிலும்தான் கண்ணில் தெரிகிறது. மழை அடித்து, பேராற்று நீர் இறங்கி, தொடுவாய் உடையாமல் நின்றால், மட்டம் ஏறி வாய்க்கால்களுக்குள் எதிர்த்து வரும். குடலைப் பருவத்தில் நெல் ஒரு கிழமை நீருக்குள் நின்றால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அப்போது வெட்டச் சொல்லிக் கேட்டால், இறால் இன்னும் பருக்கவில்லை, பொறுங்கள் என்று மீன்பிடித் தொழிலாளர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: கடலில் பிறந்த இறால் குஞ்சு களப்புக்குள் வந்து சில மாதம் வளர்ந்து திரும்பிப் போகும்போதுதான் அவர்களுக்கு அறுவடை. என் அறுவடைக்கும் அவர்கள் அறுவடைக்கும் இடையில் அந்த மணல்திட்டு கிடக்கிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் மழையோடு எங்கள் வயல்களில் போட்ட யூரியாவில் ஒரு பங்கு களப்புக்குத்தான் போகிறது. பாசி அங்கே அப்படிச் செழிப்பதற்கு நாங்களும் பசளை போடுகிறோம். மேலே முத்தையன்கட்டுக் குளம் முதல் மழையை மறித்துத் தன் வயிற்றை நிரப்பிக்கொண்ட பிறகே பேராறு பலமாக ஓடுகிறது. முன்னோர் காலத்தில் முதல் வெள்ளமே தொடுவாயை உடைத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். குளம் இல்லாமல் சிறுபோகம் (கோடை நெற்செய்கை) இல்லை என்பதால் அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. வருடம் முழுவதும் திறந்து வைக்கும் யோசனையை மட்டும் எங்கள் பக்கம் ஏற்காது: கரையோரக் கிணறுகள் ஏற்கெனவே உவர்த்துவிட்டன. அப்படித் திறப்பதானால் உவர்நீர்த் தடுப்பணைகளை முதலில் திருத்துங்கள்.

நாயாற்றுப் பெண் எழுதியது:

குழி பற்றி ஐயா சொன்னதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீதி வேலைக்கென்று களப்போரத்தில் மண் எடுத்த இரண்டு பள்ளங்கள் கிடக்கின்றன. ஒவ்வொரு கோடையிலும் மீன் முதலில் செத்து மிதப்பது அவற்றில்தான். ஒரு சோடாப் போத்தலில் கல்லைக் கட்டி, தக்கையில் வேறாக ஒரு நூல் கட்டி இறக்கி, அடியில் போனதும் தக்கையை இழுத்து அடிநீர் எடுத்தோம். மேல்நீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அடிநீர் தெளிவாகவே இருந்தாலும் போத்தலைத் திறந்ததும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

கண்டல் (அலையாத்தி) மரங்களையும் மறக்க வேண்டாம். நீர் வேகம் குறைந்து மண் படியும் இடத்தில் அவை பிடித்துக்கொள்கின்றன, வேரிடுக்கில் இறால் குஞ்சும் நண்டும் ஒதுங்குகின்றன. ஆனால் கடமைக்காக எல்லா இடத்திலும் கன்று நடுவதை நான் விரும்பவில்லை. நீர் ஓடும் வாய்க்காலில் நட்டுவிட்டால் அதுவும் ஓர் அணைதான். நந்திக்கடலும் நாயாறும் 2017இல் இயற்கை ஒதுக்கங்களாக அறிவிக்கப்பட்டவை என்பதால், வெட்டுவதோ நடுவதோ எதுவானாலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை முதலில் பெற வேண்டும்.

ஒரு கேள்வி: ஒடிசாவின் சிலிக்கா ஏரியில் புதிய வாய் வெட்டி வெற்றி கண்டார்கள் என்கிறார்களே, அதை இங்கே செய்ய முடியாதா?

நீரோட்டம் எழுதியது:

சிலிக்கா நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அதன் நோய் வேறு. 1981இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்த ஏரி, வாய்க்கால் மண் நிரம்பியதால் கடலோடு தொடர்பு குறைந்து, ஆற்று நீர் மிகுந்து, உவர் குறைந்து, நன்னீர்க் களைகள் படர்ந்து கெட்டது. 1993இல் ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் மொன்றோ பதிவேட்டில் ஏற்றப்பட்டது. 2000 செப்ரெம்பரில் கடலுக்குக் கிட்டிய இடத்தில் புதிய வாய் வெட்டியபின் உவர் திரும்பியது, மீனும் நண்டும் பெருகின, 2002இல் அந்தப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அது 1000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஏரி, மகாநதியின் கிளைகள் அதற்குள் விழுகின்றன. நமக்குக் கோடையில் ஆறே இல்லை. நம் நோய் உவர் குறைவதால் வருவதன்று, கூடுவதால் வருவது. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வெட்டிய அளவை அல்ல. அவர்கள் வெட்டுவதற்கு முன் அளந்தார்கள், வெட்டிய பின்னும் அளந்தார்கள் என்பதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வயற்காரன் சொன்னது சரி, நான் மாரியை விட்டுவிட்டேன். உண்மையில் களப்பு நன்றாகக் கழுவப்படுவது வருடத்தில் அந்தச் சில கிழமைகளில்தான். மாரி வெள்ளம் உவரை மட்டுமன்றிச் சேற்றையும் வாரிக்கொண்டு போகும். அதனால் எப்போது வெட்டுவது என்ற உங்கள் சண்டை, களப்புக்கும் முக்கியமான சண்டை. மட்டம் போதிய அளவு உயருமுன் வெட்டினால் நீர் மெல்ல வடிந்து, அரிக்கும் வலு இல்லாமல் வாய் மறுபடி மூடிக்கொள்ளும். உள்ளே மட்டம் உயர்ந்து, அமாவாசையை அல்லது பறுவத்தை ஒட்டிக் கடல் வற்றத் தொடங்கும் வேளையில், திட்டின் ஆக ஒடுங்கிய இடத்தில் ஒரு சிறு கான் வெட்டினால் போதும்; மிச்சத்தை நீரே அரித்து எடுக்கும். எந்த மட்டத்தில் வெட்டுவது என்பதை வயற்காரரும் தொழிலாளரும் மழைக்கு முன்பே ஒரு கம்பில் குறித்து ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளம் வந்த இரவில் அதைப் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

களப்பங்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. தகப்பனாருக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். நீரின் வயது என்ற பேச்சு அவருக்குப் பிடித்துக்கொண்டது. அவர்கள் காலத்தில் அதைக் "கிடைத்தண்ணி", "ஓட்டத்தண்ணி" என்று பிரித்துத்தான் வலை வீசினார்களாம். சோழகம் விழுந்த மூன்றாம் நாள் கிடைத்தண்ணியில் வலை வீசுவதில்லையாம்.

கூட்டத்தில் பெக்கோ யோசனையைக் கைவிடச் சொன்னேன். குழிகளைப் பற்றிய போத்தல் கதையைச் சொன்னதும் எதிர்ப்பு அடங்கிவிட்டது. ஐயா எழுதிய ஒட்சிசன் கணக்கையும் சொன்னேன், அதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வருடம் முழுவதும் திறப்பது பற்றி இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது. கமக்காரர் அமைப்பைச் சேர்ந்தவர்களை அடுத்த கூட்டத்துக்கு அழைப்பதற்கும், வெட்டும் மட்டத்தைச் சேர்ந்து தீர்மானிப்பதற்கும் ஒத்துக்கொண்டார்கள். பாலத்தின் கண்களை எண்ணப் போன பிள்ளைகள், நீர் இப்போது வற்றிக் கிடப்பதால் அடைபட்டவற்றைப் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். பழைய கட்டைப் பற்றிய கேள்வியைக் கடிதமாக எழுதி அந்தப் படங்களையும் இணைக்கிறோம்.

இரண்டு கம்புகளையும் புரட்டாசி முதலாம் கிழமையில் நட்டோம். உள்ளே நட்டதை யாரோ களங்கண்ணிக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தகப்பனார் இப்போது மஞ்சள் நிறம் பூசிய இரும்புக் குழாய் ஒன்றைச் சேற்றில் அடித்திருக்கிறார். தொடுவாய் உடைந்ததும் முதல் வரும் அமாவாசையில் அளந்து, எண்களோடு இங்கே எழுதுகிறேன்.